மூன்று மொட்டைகளும் ஒரு சீப்பும்

பிறருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்வது நல்ல மனசு என்பார்கள். பிறர் தலைமுடியை வைத்து வேண்டிக்கொள்வது என்ன மனசு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நான் அதைச் செய்திருக்கிறேன். அதுவும் ஒருவர் முடி இல்லை, மூன்று பேர் முடி. மூவரும் என்னை மன்னித்துவிட்டார்கள். மறக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெருமாள்மலையில், பழனி சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே டிராவல்ஸ் வைத்திருந்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு உலக வரைபடம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கொடைக்கானல் வருகிறவர்களுக்கு ஜீப் பிடித்துக் கொடுப்பது, கூக்கால் ஏரிக்கு ஆள் கூட்டிப் போவது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வது, இவ்வளவுதான் தொழில். ஆனால் போர்டில் ‘இன்டர்நேஷனல்’ என்று போட்டிருந்தேன். (பெயிண்டர் கேட்டார்: “தம்பி, இன்டர்நேஷனல்னா எது வரைக்கும்?” “இப்போதைக்கு மூணாறு வரைக்கும்ணே” என்றேன்.)

அந்த போர்டை நம்பி வந்த முதல் ஆள் என் சித்தப்பா. சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கொடைக்கானலுக்கு அப்பால், மேல்மலையில் இருக்கிற கவுஞ்சி கிராமத்தில் அவர்களுக்குப் படிக்கட்டு வயல்கள் உண்டு. சித்தப்பாவும் அவருடைய தம்பி தங்கராசுவும் சேர்ந்து பூண்டும் கேரட்டும் போடுவார்கள். அந்த வருடம் மலைப்பூண்டுக்கு நல்ல விலை. சித்தப்பா கம்பளிக் குல்லாயைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏலே செந்திலு, வானத்துலேர்ந்து பனி விழுகுற ஊரு எதுடா?”

காரணம் சித்திதான். மார்கழி, தை மாதங்களில் எங்கள் மேல்மலையில் உறைபனி படியும். விடிகிற நேரத்தில் வயலெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். முப்பது வருடமாகச் சித்தி அதை மிதித்துக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். டிவியில் ஒருநாள் எங்கேயோ பனி பூப்பூவாகக் கொட்டுவதைப் பார்த்தவர், “நமக்கு மட்டும் ஏன் கீழயே கெடக்கு? மேலேர்ந்து விழுகுறதை ஒரு தடவை தலையில வாங்கணும்” என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆன நாள் முதல் சித்தி வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான் என்றார் சித்தப்பா. அதற்கு முன்பு கேட்டது ஒரு மிக்ஸி. அதுவும் பழையது ரிப்பேர் ஆனதால் கேட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, மூன்று நாடு, பதினொரு நாள் என்று வரைபடத்தில் விரலை ஓட்டினேன். கண்ணாடிக் கூரை போட்ட ரயில். ஜன்னலைத் திறந்தால் பனிமலை தெரிகிற ஓட்டல். கட்டிலுக்கே காப்பி வரும். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விசா விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம்.

“மூணு நாட்டுக்கும் ஒரே விசாவா? ஒரு நாட்டுக்காரன் குடுத்தா இன்னொரு நாட்டுக்காரன் ஒத்துக்கிடுவானா?”

“ஒத்துக்கிடுவாங்க சித்தப்பா. அவங்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி.”

“அண்ணன் தம்பின்னா சந்தேகந்தேன்” என்றார் கூட வந்திருந்த தங்கராசு சித்தப்பா.

இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போவதாக முடிவானது. சித்தப்பா, சித்தி, தங்கராசு சித்தப்பா, நான், ஆக நான்கு விசா. என் மார்பு அன்றைக்கு அகன்ற அளவை டீக்கடைக்காரர்கூடக் கவனித்தார்.

இங்கேதான் என் முதல் மடத்தனம். விசா விண்ணப்பத்தைச் சென்னையில் இருக்கிற மையத்தில் நேரில் போய்க் கொடுக்க வேண்டும்; அதற்கு முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். விவரம் தெரிந்தவன் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவான். நான் முதலில் ஓட்டலைப் போட்டேன், ரயிலைப் போட்டேன், தேதி மாற்ற முடியாது என்ற நிபந்தனைக்குச் சந்தோஷமாகச் சம்மதம் கொடுத்தேன். எல்லாம் முடித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் பக்கத்தைத் திறந்தால் பொங்கல் தாண்டும்வரை ஒரு நாள்கூடக் காலி இல்லை. எங்கள் பயணமோ மார்கழியில்.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. (“எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு சித்தப்பா.” இந்த ‘ப்ராசஸ்’ என்ற சொல் இல்லாவிட்டால் என் தொழிலில் பாதிப்பேர் நெஞ்சுவலியில் போயிருப்பார்கள்.) அவர்களைக் கொடைக்கானலில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் விசாவுக்கான போட்டோ எடுத்தேன். வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. சித்தி தலையில் வைத்திருந்த பூவை எடுக்கச் சொன்னதும் வருத்தப்பட்டார். சித்தியின் முடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்குகிற பின்னல். கவுஞ்சியில் அவர்கள் வீட்டுக்கு வழி கேட்டால் சித்தப்பா பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘நீட்டு முடிக்காரவுக வீடு’ என்றுதான் கை காட்டுவார்கள்.

ஆபீஸில் ஒத்திகையும் வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான் வெள்ளைக்காரனாக உட்கார்ந்துகொண்டேன்.

“எதுக்காக எங்க நாட்டுக்கு வர்றீங்க?”

“பனி விழுகுறதைப் பாக்க” என்றார் சித்தி.

“அப்படிச் சொல்லக் கூடாது சித்தி. டூரிசம்னு சொல்லணும்.”

“பனியைப் பாக்கத்தானேடா போறேன்?”

“சொன்னா நம்ப மாட்டாங்க.”

“உண்மையச் சொன்னா நம்பாத ஊருக்கா போறோம்?” என்று தங்கராசு சித்தப்பா கேட்டார். அவர் வாயை மூடும் வழி எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பத்து நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். ஒன்றும் நகரவில்லை. ஒருநாள் மத்தியானம் சித்தி போன் செய்து, ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டதாகவும் கழுத்துத் துணி பின்னவா வேண்டாமா என்றும் கேட்டார். போனை வைத்தேன். எழுந்து வாசலுக்கு வந்து, பழனி சாலை இறங்குகிற திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். “முருகா, அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் மொட்டை போடுகிறேன்.” சொல்லிவிட்டு உள்ளே திரும்பினால் கண்ணாடியில் என் முடி தெரிந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக வளர்த்து, முன்பக்கம் மேலே தூக்கி, பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, காலையில் அரைமணி நேரம் செலவழித்து நிறுத்திவைத்த முடி. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. அவசரமாக வாசலுக்கு ஓடி வேண்டுதலைத் திருத்தினேன். “முருகா, எனக்கு இல்லை. சித்தப்பா, சித்தி, தங்கராசு சித்தப்பா, மூன்று பேருக்கும் மொட்டை.”

இது எங்கள் பக்கம் புதுசு ஒன்றும் இல்லை. அம்மா பிள்ளைக்கு வேண்டுவாள், மனைவி புருஷனுக்கு வேண்டுவாள். தலை ஒருத்தருடையது, வாக்கு இன்னொருத்தருடையது. ஆனால் ஒரு டிராவல்ஸ்காரன் வாடிக்கையாளர் தலையை வைத்து வேண்டிக்கொண்டது பழனி சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டது. யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல், அடுத்த வியாழக்கிழமை காலை. நான் டீக்கடைக்குள் ஓடி எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“கெடச்சிருச்சு சித்தப்பா! முருகன் குடுத்துட்டாரு. வேண்டிக்கிட்டேன், உடனே கெடச்சிருச்சு.”

“அப்படியா! என்னடா வேண்டுன?”

“மொட்டை.”

“நல்ல காரியம். உனக்கும் அந்தக் குருவிக்கூடு போகும்.”

“எனக்கு இல்லை சித்தப்பா. உங்க மூணு பேருக்கும்.”

மெதுவாக, “உன் சித்திக்குமாடா?” என்றார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எனக்குச் சித்தியின் பின்னல் ஞாபகத்துக்கு வந்தது. பெண்களுக்குப் பூமுடி, அதாவது நுனியில் மூன்று விரல் அளவு, கொடுத்தாலும் போதும் என்று உளறினேன். அதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டார்.

“பூமுடின்னா வேண்டுன?”

“இல்லை சித்தி. மொட்டைன்னுதான்...”

“அப்ப மொட்டைதான். சாமிகிட்ட சொன்னதைக் கொறைக்கவா முடியும்? போற வழியிலேயே முடிச்சிருவோம். பாக்கி வச்சிட்டுப் போகக் கூடாது.”

புதன்கிழமை வெள்ளனே நால்வரும் பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கினோம். முடிக்காணிக்கை மண்டபத்தில் சித்தப்பாவும் தங்கராசு சித்தப்பாவும் பத்தே நிமிடத்தில் மீசையோடு சேர்த்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வந்தார்கள். அதுவரை அண்ணன் தம்பி இருவரையும் அடையாளம் காட்டியது அண்ணனின் மீசையும் தம்பியின் சுருட்டை முடியும்தான். இப்போது யார் மூத்தவர் என்று எனக்கே தெரியவில்லை. சித்தி உட்கார்ந்ததும், முடி இறக்கும் அம்மா ஒரு நிமிடம் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இம்புட்டு முடியவா குடுக்குறீக? நல்லா யோசிச்சிட்டீகளா?”

“போடும்மா, வெரசா. மலையேறணும்” என்றார் சித்தி. பின்னல் மடியில் விழுந்தபோது அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் தலைமுடியை அந்த இடத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

மூன்று தலையிலும் சந்தனத்தை அப்பிக்கொண்டு, தரிசனம் முடித்து, சாயங்காலம் சென்னை ரயில் ஏறினோம். டிக்கெட் பரிசோதகர் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். தலைகளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “பழனியா? போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே!” நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். (விசா விண்ணப்பங்கள், போட்டோ ஒட்டி, என் மடியில்தான் இருந்தன. கடவுள் ஒரு மனிதனுக்கு இதைவிடத் தெளிவாகத் தகவல் அனுப்ப முடியாது.)

மறுநாள் காலை விசா மையம். ஏசி குளிர், மெல்லிய குரல்கள், கோட்டு போட்டவர்கள். நடுவில் சந்தன மணத்தோடு நாங்கள். எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சித்தியின் விண்ணப்பத்தை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி போட்டோ.

“இவங்க வரலையா?”

“நாந்தேன் அது” என்றார் சித்தி.

அந்த ஒரு வினாடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, பூ கூடாது என்று அத்தனை விதியும் சொன்னவன், போட்டோ எடுத்த பிறகு தலையே மாறக் கூடாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

“சார், போட்டோ இப்ப இருக்குற தோற்றத்துல இருக்கணும்” என்றார் அந்தப் பெண் என்னிடம். அடுத்த இரண்டு விண்ணப்பங்களையும் பிரித்துவிட்டு, “இதுல அண்ணன் யாரு, தம்பி யாரு?” என்று கேட்டார். “கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்க, தப்பாப் போட்டா அவன்தேன் தம்பி” என்றார் ஒரு மொட்டை. அதிலிருந்துதான் அவர் சித்தப்பா என்று நானும் கண்டுகொண்டேன்.

கட்டடத்திலேயே போட்டோ எடுக்கும் இடம் இருப்பதாகவும், அரைமணிக்குள் புதுப் படத்தோடு வந்தால் வாங்கிக்கொள்வதாகவும், தவறினால் புதிதாக அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஓடினோம். போட்டோக்காரர் முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வெள்ளைப் பின்னணி, காய்ந்து வெளுத்த சந்தனம். “தலை எங்க முடியுது, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னு மெஷினுக்குத் தெரியலைங்க. சந்தனத்தைக் கழுவிட்டு வாங்க.”

அண்ணனும் தம்பியும் குழாயைத் தேடிப் போய்விட்டார்கள். சித்தி மட்டும் நின்றார். சாமி சந்தனம், அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விடுவதா? நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிடம் இருந்தது. “சித்தி, தயவுசெஞ்சு...” என்றேன். பனி, ஸ்வெட்டர், பின்னல், எல்லாவற்றையும் நான் ஒருவனே கெடுத்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது.

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். முந்தானை நுனியால் தலையைச் சுரண்டித் துடைத்தார். உதிர்ந்த சந்தனத்தைக் கைக்குட்டையில் சேர்த்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். “சோலியைப் பாரு. அழுகுறதை ஊர்ல போய் அழுதுக்கலாம்” என்றார்.

நான்கு நிமிடம் மிச்சம் வைத்துத் திரும்பினோம். கவுண்டர் பெண் புதுப் படங்களை ஒட்டிக்கொண்டே, “எதுக்கும்மா இவ்வளவு தூரம் போறீங்க?” என்று கேட்டார். நான் பின்னால் இருந்து ‘டூரிசம், டூரிசம்’ என்று வாயசைத்தேன்.

“பனி விழுகுறதைப் பாக்கணும் தாயி. பாத்துட்டு வந்துருவேன். பூண்டு மண்ணுக்குள்ள கெடக்கு, மாசியில புடுங்கணும்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “விசா கிடைக்கணும்னு நீங்க வேண்டிக்கிட்ட மொட்டையா?”

“நான் வேண்டல. இந்தா நிக்கிறான்ல, இவன் வேண்டுனது.”

அந்தப் பெண், பக்கத்துக் கவுண்டர்க்காரர், வரிசையில் நின்ற கோட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். முடி என் தலைமேல் நன்றாக, உயரமாக, குறையில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

என் முறை வந்தபோது நான் இங்கிலீஷில் ஐரோப்பியப் பண்பாடு, கலை, என் நிறுவனத்தின் தொலைநோக்கு என்று கால்மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் கேட்டது ஒரு பேனா மட்டும்தான்.

மூன்று வாரத்தில் உறைகள் வந்தன. சித்தப்பா, சித்தி, தங்கராசு சித்தப்பா மூவரும் அன்றைக்கு என் ஆபீஸில் இருந்தார்கள். முதல் பாஸ்போர்ட்டில் விசா, அதில் மொட்டை. இரண்டாவதில் விசா, மொட்டை. மூன்றாவதில் விசா, சித்தி. நான்காவதில் ஒரு கடிதம்.

நான் படித்துவிட்டு மடித்தேன். “என்னடா சொல்றான்?” என்றார் சித்தப்பா.

“விண்ணப்பதாரர் பயணம் முடிந்து சொந்த ஊருக்குத் திரும்புவார்னு நம்பிக்கை இல்லையாம்.”

இருபத்தாறு வருடத்தில் நான் பெருமாள்மலையை விட்டுப் பத்து நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தங்கராசு சித்தப்பாதான் தீர்ப்புச் சொன்னார்: “தலை குடுத்தவனுக்கு விசா குடுத்திருக்கான். முருகன் கரெக்டாத்தான் இருக்காரு.”

இங்கிலீஷ் பேச ஆள் இல்லாமல் அவர்கள் என்ன ஆவார்களோ என்று நான் தூங்காமல் கிடந்தேன். அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் படத்தில் முடியையும், விசாப் படத்தில் மொட்டையையும், எதிரில் முள் முள்ளாக முளைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். தங்கராசு சித்தப்பா அண்ணன் தலையைத் தட்டிக் காட்டி, “டெம்பிள், டெம்பிள்” என்றிருக்கிறார். முத்திரை விழுந்துவிட்டது.

ஏழாவது நாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் சித்தி. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். பனி ஒவ்வொன்றாக அந்த மொட்டைத் தலையில் விழுந்து கரைந்துகொண்டிருந்தது.

“ஏலே செந்திலு, முடி இருந்திருந்தா இது மண்டையில பட்டிருக்காதுடா! சில்லுனு இருக்குடா!” என்று சின்னப் பிள்ளையாட்டம் கத்தினார். நான் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். ஊரில் போய் அழலாம் என்று அவரே சொல்லியிருந்தார் அல்லவா.

திரும்பி வந்தபோது எல்லோருக்கும் சாக்லேட். எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பெட்டி, மேலே பனிமலைப் படம். திறந்தால் ஒரு மரச் சீப்பு. “எங்க மூணு பேருக்கும் இது ஆகாதுடா. நம்ம கூட்டத்துல முடி வச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தானே” என்றார் சித்தி.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது உண்மையாகவே இன்டர்நேஷனல் செய்கிறேன். ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: ‘போட்டோ எடுத்த பின் விசா வரும்வரை தலையில் கை வைக்க வேண்டாம்.’ எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்றால், பத்துப் பேர் ஒரே குரலில் கேட்கிற கேள்வி, “யாரு தலையில?”

முப்பத்தைந்து தாண்டியதும் என் முடி தானாக உதிர ஆரம்பித்தது. எண்ணெய், மருந்து, மூலிகை ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு என் தலை அந்த முடிக்காணிக்கை மண்டபத்தில் வைத்தால் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருக்கிறது. முருகன் கேட்டு வாங்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார் என்பது தங்கராசு சித்தப்பாவின் கட்சி.

சித்தியின் முடி திரும்ப வளர்ந்து இடுப்பைத் தொட்டுவிட்டது. கவுஞ்சியிலிருந்து பழனிக்குப் போகும்போதெல்லாம் பெருமாள்மலையில் இறங்கி என் ஆபீஸுக்கு வருகிறார். மேசை டிராயரைத் திறந்து, எனக்கு உபயோகப்படாத அந்தச் சீப்பை எடுத்து, என் கண்ணாடி முன்னால் நின்று, அவசரமே இல்லாமல் பின்னலை அவிழ்த்துச் சீவிக்கொள்கிறார்.